தூரத்தை அளந்த மகாலனோபிஸ்

உயிரியல் மாணவியான எனக்குப் புள்ளியியல் என்றாலே அச்சம். அதைப் போக்கியது பிரசந்த சந்திர மகாலனோபிஸின் வாழ்க்கை.

1893-இல் கொல்கத்தாவில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றார். 1915-இல் தாயகம் புறப்படும் வேளையில் 'பயோமெட்ரிகா' என்ற ஆய்விதழ் கண்ணில் பட்டது. அதன் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார்.

பின்னர், விலங்கியலாளர் அன்னண்டேல் தாம் திரட்டிய ஆங்கிலோ இந்தியர்களின் உடலளவுகளை அவரிடம் ஒப்படைத்தார். 1922-இல் முதல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. இரு குழுக்கள் எவ்வளவு நெருங்கியவை, எவ்வளவு விலகியவை என்ற கேள்வி அவரை விடவில்லை. 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 1936-இல் 'மகாலனோபிஸ் தூரத்தை' முழுவடிவில் வெளியிட்டார்.

ஆஸ்திரேலியாவின் ஆண்டிகைனஸ், எலியளவே உள்ள பைப்பாலூட்டி. மண்டையோட்டின் நீளத்தை மட்டும் பார்த்தால் இரு துணையினங்கள் ஒன்றெனத் தோன்றலாம். அகலத்தை மட்டும் பார்த்தாலும் அப்படியே. பொதுவாக நீளம் கூடினால் அகலமும் கூடும். மகாலனோபிஸ் தூரம் இந்தத் தொடர்பையும் கணக்கில் கொண்டு எல்லா அளவுகளையும் ஒருசேர எடைபோடும். நீண்டும் குறுகியும் இருக்கும் மண்டையோடு அப்போது தனித்துத் தெரியும். இரண்டை ஒன்றென எண்ணிவிட்டால், அரிதானது அழிவதுகூட நமக்குத் தெரியாமல் போகும்.

ஆயினும், தூரத்தைத்தான் கணக்கு சொல்லும். அது துணையினமா என்று முடிவு செய்வது ஆய்வாளரின் பொறுப்பு.

1972 ஜூன் 28-இல், 79-ஆம் பிறந்தநாளுக்கு முதல் நாள், அவர் மறைந்தார். விலங்கியலாளர் நீட்டிய கேள்வியை ஏற்றவர் ஓர் இயற்பியலாளர். நண்பர்களே, அடுத்த துறையின் இதழொன்றை நாமும் புரட்டிப் பார்ப்போமே!