காடே மதிலான நாட்டில்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் வழியில், ஹுன்னஸ்கிரிய மலைக்காட்டைச் சற்று நோக்குங்கள். பழைய கண்டி இராச்சியத்திற்கு இத்தகைய மலையும் காடுமே மதில். கணவாய்களில் முட்கதவுகள் இருந்தன. அந்த மதிலுக்குள் 1660 முதல் 19 ஆண்டுகள் அகப்பட்டிருந்தவர் ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ்.

பிடிபட்டபோது வயது 19. உடனிருந்த தந்தையும் மறு ஆண்டே காய்ச்சலில் மாண்டார். தனித்துப்போன மகன் ஒருநாள் ஓடையில் மீன்பிடிக்கையில், அவ்வழியே வந்த முதியவர் ஒருவரிடம் ஆங்கில வேதாகமம் இருப்பதைக் கண்டார். பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்!

பின்னர் எலதெத்தவில் சிறு காணி வாங்கி, கோழி வளர்த்து, தொப்பி பின்னி, நெல்லைக் கடன் கொடுத்துப் பிழைத்தார். மனைவி மக்கள் வந்தால் தாயகம் திரும்பும் எண்ணம் தளருமென மணம் செய்யவில்லை. அவர் நம் திருச்சபையினர் அல்லர், பிரிந்த சகோதரர். ஆயினும் அதே ஆண்டுகளில், ஒல்லாந்தர் குருக்களைத் துரத்திவிட, 1687இல் புனித யோசப் வாஸ் அடிகளார் வரும்வரை நம் முன்னோரும் குருவின்றியே விசுவாசம் காத்தனர் அல்லவா?

சில்லறை வியாபாரியாக வடக்கே போய்வந்து வழி அறிந்தார். 1679இல் தோழர் ஒருவருடன் மல்வத்து ஓயாவோரக் காட்டில் நடந்து, அக்டோபர் 18இல் மன்னார்க் கரையின் அரிப்புக் கோட்டையை அடைந்தார். இலங்கை பற்றிய அவர் நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது. 1720இல் காலமானார், மணமாகாதவராகவே.