உழவன் கைக்கு வந்த ஏடு

ஆண்டு 1526. இடம் லண்டன் மாநகர், பவுல் தேவாலயத்து வெளி. தீ கொழுந்துவிட்டு எரிகிறது. அதிலே வீசப்படுவது களவுப் பண்டமல்ல, நஞ்சு கலந்த உணவுமல்ல, புத்தகம்! எந்தப் புத்தகம்? எந்த ஏசுவின் பெயரால் அந்தத் தேவாலயம் எழும்பி நிற்கிறதோ, அந்த ஏசுவின் வரலாற்றைக் கூறும் புதிய ஏற்பாடு! எரிக்கச் சொன்னவர் யார்? மதத்தை மறுப்பவரா? மாற்று நாட்டாரா? அல்ல, லண்டன் பிஷப் டன்ஸ்டல்!

பிழை மலிந்த மொழிபெயர்ப்பு என்று காரணம் காட்டினார் பிஷப். அதற்கும் அடியில் கிடந்தது வேறொரு காரணம். அந்த ஏடு ஆங்கிலத்தில் இருந்தது. மேலிடத்து அனுமதியின்றி வேதத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கவோ படிக்கவோ கூடாதென்று 1409 முதலே அந்நாட்டில் தடை. தேவாலயத்தில் ஓதப்படுவது லத்தீன். கேட்டு நிற்பவன் ஆங்கில உழவன். புரிந்ததா என்று அவனைக் கேட்பாரில்லை. புரியவில்லை என்று சொல்ல அவனுக்குத் துணிவில்லை. அவன் அறிய வேண்டியதை அறிந்து சொல்ல நாங்கள் இருக்கிறோம் என்றனர் பாதிரிமார்.

அந்தத் தடையை உடைத்தவர்தான் வில்லியம் டிண்டேல். 1494ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பட்டம் பெற்றவர். கிரேக்கம் கற்றவர். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வளமான பதவி வந்திருக்கும், வயிறார உணவு கிடைத்திருக்கும். அவரோ, கிளாஸ்டர்ஷைரில் ஒரு சீமான் வீட்டு ஆசிரியராக இருந்த நாளில், விருந்து மேசையில் எதிர்வாதம் புரிந்த பாதிரியிடம், தமக்கு ஆயுள் இருந்தால் ஏர் ஓட்டும் சிறுவன் உம்மைவிட அதிகமாக வேதம் அறியும்படி செய்வேன் என்று சொல்லிவிட்டார். சொல்லிவிடுவது எளிது, தோழர்களே! சொன்னதைத் தோளில் சுமந்துகொண்டு புறப்படுவதுதான் அரிது.

முதலில் அவர் நேர்வழியே நாடினார். 1523இல் லண்டன் சென்று, இதே டன்ஸ்டலிடம் ஆதரவு கேட்டார். இடமில்லை என்று பதில் வந்தது. பிஷப் மாளிகை மூடிய கதவைத் துணி வணிகர் ஹம்ப்ரி மன்மத் திறந்தார். தங்க இடம் தந்தார், பொருளும் தந்தார். பின்னாளில், 1528இல், அந்த உதவியே குற்றமாகி அவரைச் சிறைக்கு அனுப்பியது!

1524இல் டிண்டேல் கப்பலேறினார். அதன் பிறகு பிறந்த மண்ணை அவர் மிதிக்கவேயில்லை.

ஜெர்மனியில் கொலோன் நகரம். 1525. அச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பாளர் ஒருவர், கோக்லேயுஸ் என்பவர், அச்சுக்கூடத்தாருக்கு மது வாங்கிக் கொடுத்து இரகசியத்தைக் கறந்துவிட்டார். அதிகாரிகள் வருவதற்குள், அச்சான தாள்களை அள்ளிக்கொண்டு, ரைன் ஆற்றில் படகேறி, வோர்ம்ஸ் நகர் சேர்ந்தார் டிண்டேல். 1526இல் அங்கே முழு நூலும் அச்சேறியது. துணிப் பொதிகளுக்குள் பதுங்கி, துறைமுகக் காவலைத் தாண்டி, இங்கிலாந்துக்குள் நுழைந்தது. பொதி கட்டியவன், கப்பலோட்டியவன், இரவில் வாங்கி இடுப்பில் மறைத்தவன், இவர்கள் ஒவ்வொருவரும் உயிரைப் பணயம் வைத்தவர்களே!

எரித்துப் பார்த்தார் பிஷப்; தீரவில்லை. மொத்தமாக விலைகொடுத்து வாங்கி எரிக்கத் திட்டமிட்டார். அந்நாளைய வரலாற்றாசிரியர் ஹால் கூறும் செய்தி சுவையானது. இடையிலே நின்ற வணிகன் பாக்கிங்டன், டிண்டேலின் நண்பன். பிஷப்புக்குப் புத்தகம் போயிற்று. டிண்டேலுக்குப் பணம் வந்தது. அந்தப் பணத்தில் திருத்திய பதிப்புக்கு வழி பிறந்தது! எரிக்கக் கொடுத்த காசு, அச்சு மைக்கு ஆயிற்று!

பழைய ஏற்பாட்டையும் பெயர்க்க எபிரேய மொழி கற்றார். ஆண்ட்வெர்ப் நகரிலிருந்து 1530இல் மோசேயின் ஐந்து நூல்களை வெளியிட்டார்.

1531. இப்போது வந்தது வேறுவகைச் சோதனை. நாடு திரும்புக என்று மன்னர் எட்டாம் ஹென்றியின் தரப்பிலிருந்து அழைப்பு! தூதராக வந்தவர் ஸ்டீபன் வாகன். ஆண்ட்வெர்ப் நகருக்கு வெளியே இரகசியச் சந்திப்பு. ஓடி ஓடிக் களைத்தவர், வறுமையில் வாடியவர், நாட்டு நினைவால் நொந்தவர், என்ன விடை தந்தார்? என் பெயர்ப்பு வேண்டாம்; வேறு எவர் பெயர்த்ததாயினும் சரி; வேதத்தின் வெறும் மூலத்தை மக்கள் தங்கள் மொழியில் படிக்க மன்னர் விடட்டும்; அன்றே திரும்புவேன், இனி எழுதமாட்டேன், சித்திரவதையோ சாவோ எதையும் ஏற்பேன் என்றார். பதவி கேட்கவில்லை, பாதுகாப்புக் கேட்கவில்லை. தமது பெயர்கூட நிலைக்க வேண்டுமென்று கேட்கவில்லை. மன்னர் இணங்கவில்லை. டிண்டேல் திரும்பவில்லை.

1535 மே மாதம். ஹென்றி பிலிப்ஸ் என்ற இளைஞன் நண்பனாக நடித்து நெருங்கினான். டிண்டேல் நம்பினார். காட்டிக்கொடுத்த அன்று காலையில்கூட அவரிடமே கடன் வாங்கினான் என்று எழுதிவைத்திருக்கிறார் ஃபாக்ஸ். குறுகிய சந்து, முன்னே நடந்தவர் டிண்டேல், பின்னே வந்தவன் சைகை காட்டினான், காவலர் பாய்ந்தனர்.

பிரஸ்ஸல்ஸ் அருகே வில்வோர்டே கோட்டையில் ஏறத்தாழ ஓராண்டு நான்கு மாதச் சிறை. அங்கிருந்து அவர் தம் கைப்பட எழுதிய கடிதம் ஒன்று இன்றும் உள்ளது. குளிர் வாட்டுகிறது, கதகதப்பான குல்லாய் வேண்டும். கிழிந்த உடைக்கு ஒட்டுப்போடத் துணி வேண்டும். மாலை இருளுக்கு ஒரு விளக்கு வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக எபிரேய வேதமும் இலக்கணமும் அகராதியும் வேண்டும் என்று கேட்கிறார். சாவின் வாசலில் உட்கார்ந்துகொண்டு அகராதி கேட்கிறார்!

1536 அக்டோபரில் அவரைக் கம்பத்தில் கட்டினர், கழுத்தை நெரித்தனர், உடலை எரித்தனர். இங்கிலாந்து மன்னரின் கண்களைத் திறக்குமாறு இறைவனை வேண்டியதே அவரது கடைசிக் குரல் என்பர்.

இரண்டாண்டு முடியவில்லை. 1537இல் மன்னரின் அனுமதியோடு ஆங்கில பைபிள் வெளிவந்தது. மேலே போடப்பட்ட பெயர் தாமஸ் மாத்யூ. உள்ளே பெரும்பகுதி டிண்டேலின் உழைப்பு! 1538இல், ஒவ்வொரு தேவாலயத்திலும் ஆங்கில பைபிள் இருந்தாக வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1611இல் ஜேம்ஸ் மன்னர் காலத்தில் வெளியான புகழ்பெற்ற பதிப்பின் புதிய ஏற்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் டிண்டேலின் சொற்களே என்பது ஆய்வாளர் கணக்கு. எரித்துத் தீர்த்த 1526ஆம் ஆண்டுப் பதிப்பில் இன்று எஞ்சியிருப்பதாக அறியப்பட்டவை மூன்றே படிகள். மூன்றாவது, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நூலகத்தில் 1996இல்தான் அடையாளம் காணப்பட்டது. படிகள் மூன்று, அவற்றிலிருந்து கிளம்பிய சொற்களோ ஆங்கிலம் பேசும் நாடெல்லாம்!

வெற்றி உறுதி என்று தெரிந்தபின் வெளியே வருவோர் ஏராளம். டிண்டேலுக்கு எந்த உறுதியும் இல்லை. லண்டனில் கதவு மூடியது, கடல் கடந்தார். கொலோனில் பிடிக்க வந்தனர், வோர்ம்ஸ் சென்றார். சிறையில் தள்ளினர், விளக்குக் கேட்டார். அவர் வைத்த ஒவ்வோர் அடிக்கும் அவரது இறைநம்பிக்கை ஒன்றே ஊன்றுகோல். ஆணை பிறந்த நாளைக் காண அவர் இல்லை. ஆனால், ஏர் ஓட்டும் சிறுவனுக்குத் தந்த வாக்கு நிறைவேறிற்று. உழவன் கைக்கு ஏடு வந்தது!