மகாதேவி வர்மாவும் நீலுவும்: ஒரு கவிஞருக்கு நாய்கள் என்ன கொடுத்தன?

ரெம்பாவ் பக்கத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நாய் ஒன்றும் புதுசு இல்லை. தோட்ட வீட்டு நாய்க்கு முதல் வேலை காவல். செல்லம் கொஞ்சுவதெல்லாம் அப்புறம்தான்.

ஆனால் எழுதுகிற, வரைகிற ஒருவருக்கு அந்த நாய் காவலைத் தாண்டி என்ன தரும்? நீங்களும் கவிதை எழுதுபவராக, டிஜிட்டலில் படம் வரைபவராக இருந்தால், இந்திக் கவிஞர் மகாதேவி வர்மாவின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் இந்த மகாதேவி?

இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஃபரூக்காபாத்தில் 1907 மார்ச் 26-ஆம் தேதி பிறந்தவர். சுமார் 9 வயதிலேயே கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். வளர்ந்த பிறகு, கணவரோடு சேர்ந்து வாழ மாட்டேன் என்று உறுதியாக மறுத்துவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு பெண் இப்படி முடிவெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

அலகாபாத்தில் சமஸ்கிருதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பெண்களுக்கான கல்வி நிறுவனமான பிரயாக் மகிளா வித்யாபீடத்தின் முதல்வராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். இந்திக் கவிதையின் சாயாவாத இயக்கத்தில் நான்கு பெரும் பெயர்களுள் ஒருவர். ஓவியரும்கூட, தன் கவிதைத் தொகுப்புகளுக்குத் தானே படம் வரைந்தார். 1982-இல் ஞானபீட விருது கிடைத்தது.

குடும்பம் என்று வழக்கமாகச் சொல்வோமே, அது அவருக்கு இல்லை. ஆனால் வீடு காலியாக இருக்கவில்லை. நாய்கள், அணில், மயில், மான், முயல், பசு என்று ஒரு கூட்டமே அங்கு வாழ்ந்தது.

லூசியின் மகன்

நீலு அவருடைய நாய்களில் ஒன்று. அதன் தாய் லூசி, இமயமலைப் பகுதி ஊர் ஒன்றில் இருந்தது. பனி கொட்டும் நாட்களில் கழுத்தில் பையையும் காசையும் கட்டிவிட்டால் போதும், கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்துவிடும். ஒருநாள் அப்படிப் போன லூசி திரும்பவில்லை. காட்டு விலங்குக்கு இரையாகிவிட்டது. தாயில்லாத குட்டி மகாதேவியிடம் வந்து சேர்ந்தது.

நீலு வாலாட்டிக் கெஞ்சுகிற ரகம் இல்லை. மரியாதையில்லாமல் தூக்கிப் போட்ட உணவைத் தொடவே தொடாது. முயல்களைத் தாக்க வந்த காட்டுப்பூனையை ஓர் இரவு முழுக்கத் தடுத்து நின்றது. மகாதேவி விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் இருந்தபோது சாப்பிடாமல் கிடந்தது. கடைசியில் டாக்டரிடம் அனுமதி வாங்கி, அதை அவருடைய கட்டிலருகே கூட்டிவர வேண்டியதாயிற்று.

இன்னொரு நாய் ஃப்ளோரா. தன்னைப் பிரிந்து அதனால் இருக்க முடியாது என்பதால், பத்ரிநாத் பயணத்துக்கு மகாதேவி அதையும் அழைத்துப் போனார்.

எழுத்தில் என்ன மாறியது?

மகாதேவியின் கவிதை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒருவரை நோக்கிய ஏக்கம். பெயர் இருக்காது, முகம் இருக்காது. 1942-க்குப் பிறகு அவருடைய உரைநடை முன்னுக்கு வந்தது. 1972-இல் வந்த மேரா பரிவார், அதாவது என் குடும்பம் என்ற நூலில், எல்லோருக்கும் பெயர் உண்டு, குணம் உண்டு, பிடிவாதமும் உண்டு. நீலுவின் கதையும் அதில்தான் இருக்கிறது.

வேறுபாடு புரிகிறதா? துயரத்தைப் பாடியவர், பக்கத்தில் இருக்கும் உயிரைப் பொறுமையாகப் பார்த்து எழுதினார். ஒரு நாய் எதைச் சாப்பிடாது, யாரை நம்பும் என்பதையெல்லாம் தினமும் கவனித்தால்தான் அப்படி எழுத முடியும்.

அறிவியல் என்ன சொல்கிறது?

நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பாசத்தில் பங்கு வகிக்கும் அதே ஹார்மோன்தான்.

மனசுக்கு ஆறுதல் கிடைப்பதை இது ஓரளவு விளக்குகிறது. ஆனால் ஹார்மோன் கதை எழுதாது. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

இழப்பும் கூடவே வரும்

ஃப்ளோராவோடு பத்ரிநாத் போயிருந்த சமயத்தில், வீட்டில் விட்டுப்போன சோனா என்ற மான் இறந்துபோனது. மகாதேவியைக் காணாமல் தவித்த அதைக் கயிற்றில் கட்டி வைத்திருந்தார்கள். துள்ளிக் குதித்தபோது கயிறு இழுத்துத் தரையில் விழுந்துவிட்டது. நீலுவும் சுமார் 14 ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தது.

வளர்ப்பு உயிர்கள் பெரும்பாலும் நமக்கு முன்னால் போய்விடும். மகாதேவி அந்தத் துக்கத்தை மறைக்கவும் இல்லை, அதற்குப் பயந்து கதவைச் சாத்தவும் இல்லை. ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்.

1987 செப்டம்பர் 11-ஆம் தேதி அவர் காலமானார். அவர் வளர்த்த கில்லு என்ற அணிலை இந்தியப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தால், போனில் படம் எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்கு எது பிடிக்காது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அடுத்த வரி தானாக வரும்.