பேராசிரியர் லிப்ஸியஸ்

உரோமானியரின் பழநூல்களை ஆராய்ந்து ஐரோப்பாவெங்கும் புகழ் பரப்பிய பேரறிஞருள் யுஸ்துஸ் லிப்ஸியஸ் ஒருவர். இக்காலத்துப் பெல்ஜிய நாட்டில், புருஸ்ஸெல்ஸ் நகருக்கு அணித்தாயுள்ள ஓவரைசே என்னும் ஊரில் 1547-ஆம் ஆண்டு பிறந்த இவர், லூவேன் பல்கலைக்கழகத்திற் பயின்று, பின் உரோமாபுரி சென்று கர்தினால் கிரான்வெல் என்பாரிடம் இலத்தீன் செயலாளராய் அமர்ந்தார். ஏடெழுதினோர் சிதைத்த பாடங்களைக் கூர்த்த மதியாற் செப்பஞ்செய்து, வரலாற்றாசிரியர் தாசித்துஸின் நூல்களை 1574-இல் வெளியிட்டபோது இவர் இன்னும் இளைஞரே.

அந்நாளில் இவர் தாய்நாடு ஸ்பானிய அரசருக்கு மாறாக எழுந்த கிளர்ச்சியாலும் சமயப் பூசலாலும் அலைப்புண்டது. போருக்கு அஞ்சிய லிப்ஸியஸ், முதலில் லூத்தரன் சபையாரின் யேனாவிலும், பின்னர்க் கால்வின் சபையாரின் லைடனிலும் ஆசிரியரானார். லைடனிலிருந்தபோது, 1584-இல், மனவுறுதியைப் பற்றி ஓர் உரையாடல் நூல் இயற்றினார். நாட்டை விட்டோடுவதால் துன்பம் ஒழியாது; நோய் உள்ளத்திலிருப்பதால் உள்ளத்தையே மாற்றல் வேண்டுமென்பது அதன் கருத்து. கடவுளும் விதிக்கு அடங்கியவர் என்பதை மறுத்து, விதியே கடவுளின் ஆணைக்கு அடங்கியதெனக் கொண்டு, ஸ்தோயிக்கரின் தத்துவத்தைக் கிறிஸ்தவ நெறியோடு இசைவித்தார். போரால் நொந்த மக்கள் பலர் அந்நூலை விரும்பிக் கற்றனர்.

ஆயின், உறுதியைக் கற்பித்தவரே உறுதியின்றி இருந்தாரெனப் பலர் பழித்தனர். 1591-இல் உடல்நலம் நாடிச் செல்வதாக விடைபெற்று லைடனை விட்டு நீங்கி, கத்தோலிக்க சபைக்குத் திரும்பி, மறு ஆண்டே லூவேனிற் பேராசிரியரானார். இடத்திற்கேற்பச் சபை மாறினாரென்னும் இப்பழியை முற்றும் துடைத்தல் அரிது. எனினும், வாள் முனையில் மனச்சான்று சோதிக்கப்பட்ட காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது. தாம் அடையாத உறுதியையே அவர் வாழ்நாளெல்லாம் தேடினார் போலும்.

தேடலிற் சலியாத அவர், ஸ்தோயிக்க தத்துவத்திற்கு வழிகாட்டும் நூலை 1604-இலும், செனேக்காவின் உரைநடை நூல்களை ஆராய்ந்து அமைத்த பதிப்பை 1605-இலும் உலகிற்கு அளித்து, 1606-இல் லூவேனில் உயிர் நீத்தார். இறுதி வேளையில் ஸ்தோயிக்கரின் பொறுமையை நினைப்பூட்டித் தேற்றியவருக்கு, அருகிருந்த சிலுவையைச் சுட்டி, மெய்யான பொறுமை அதுவே என உணர்த்தினாரெனக் கூறுவர். ஆசிரியன் தன் பாடத்தினும் தாழ்ந்தவனாயினும், அப்பாடத்தின் மெய்ம்மை தாழ்வதில்லை. இதுவே லிப்ஸியஸின் வாழ்வு மாணவராகிய நமக்குக் காட்டும் உண்மை.