விரட்ட விரட்ட வந்த எம்.பி.

இங்கிலாந்தில் நார்த்தாம்டன் என்று ஓர் ஊர். பூட்சுக்குப் பேர் போன ஊர். ராணுவ வீரர்களுக்கும் சீமான்களுக்கும் அங்கிருந்து பூட்சுகள் போயின. தெருவுக்குத் தெரு தோல் வாசனை வீசியது.

இந்த ஊர் ஒரு பழைய பார்லிமெண்டுத் தொகுதி. இரண்டு எம்.பி.க்களை அனுப்பி வந்தது.

1768-ம் ஆண்டு தேர்தலில், மூன்று பிரபுக்கள் தங்கள் ஆட்களை அங்கே நிறுத்தினார்கள். பணம் தண்ணீராய் ஓடியது. ஓட்டுப் போடுகிறவர்களுக்கு ஓயாத விருந்து! நார்த்தாம்டன் பிரபுவின் சொத்து கரைந்தது. தோப்பு மரங்களை வெட்டி விற்றார். பிறகு சுவிட்சர்லாந்துக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை.

1812-ல் பார்லிமெண்டுக் கட்டடத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்ட பிரதம மந்திரி பெர்சிவலும் இந்தத் தொகுதியின் எம்.பி.தான்.

ஆனால், நார்த்தாம்டன் என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு நினைவுக்கு வரும் பெயர் சார்லஸ் பிராட்லா.

கேள்வி கேட்ட பையன்

1833-ம் ஆண்டு லண்டனில் ஏழைக் குமாஸ்தாவின் மகனாகப் பிராட்லா பிறந்தார். 11 வயதில் படிப்பு நின்றது. எடுபிடிப் பையனாக வேலைக்குப் போனார்.

பைபிளைக் கருத்தாகப் படித்தார். சில இடங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லையே என்று பாதிரியாரிடம் கேட்டார். பாதிரியார் பதில் சொல்லவில்லை. பையன் நாத்திகன் ஆகிவிட்டான் என்று தகப்பனாருக்கு எழுதிவிட்டார். வீட்டில் சண்டை மூண்டது. 16 வயதில் பிராட்லா வீட்டை விட்டு வெளியேறினார்.

வயிற்றுப் பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் அயர்லாந்தில் இருந்தார். திரும்பி வந்து வக்கீல் குமாஸ்தா ஆனார். அங்கே கற்ற சட்டம் பின்னால் கைகொடுத்தது. தன் வழக்குகளைத் தானே வாதாடினார்.

ஆள் நெட்டை. குரல் வெண்கலம். பகலில் வேலை, இரவில் மேடை. கடவுள் இல்லை என்று பேசினார். ராஜா தேவையில்லை என்றார். ஏழைக்கு ஓட்டு வேண்டும் என்றார். பிற்காலத்தில் சென்னை அடையாறில் வாழ்ந்த அன்னி பெசண்ட் அம்மையார், அந்த நாளில் பிராட்லாவின் தோழராகப் பாடுபட்டவர்.

மூன்று தோல்வி

1867-ல் வந்த சட்டம் நகரத் தொழிலாளர்களில் பலருக்கு ஓட்டுரிமை தந்தது. மறு ஆண்டே பிராட்லா நார்த்தாம்டனில் நின்றார். அவரிடம் பணம் இல்லை. பூட்ஸ் தைப்பவர்களை நம்பினார். கிடைத்தது 1,086 ஓட்டு. தோல்வி. 1874-ல் இரண்டு முறை நின்றார். இரண்டும் தோல்வி.

1880-ல் 3,827 ஓட்டுகள் பெற்று ஜெயித்தார். லாபுசேர் என்பவர் இன்னோர் எம்.பி. ஆனார்.

இரண்டு கதவும் அடைப்பு

புது எம்.பி.க்கள் கடவுள் பேரால் சத்தியம் செய்ய வேண்டும். கடவுளை நம்பாத நான், மனசாட்சிப்படி உறுதிமொழி கூறுகிறேன் என்றார் பிராட்லா. அது கூடாது என்றது சபையின் கமிட்டி. சரி, எல்லோரையும் போலச் சத்தியமே செய்கிறேன் என்று வந்தார். நம்பிக்கை இல்லாதவன் சத்தியம் செய்வதா என்று தடுத்தார்கள். இரண்டு கதவையும் சாத்திவிட்டால் ஜெயித்தவன் எந்த வழியாக வருவது?

வெளியே போ என்றார்கள். போகவில்லை. உடனே பிடித்து, பார்லிமெண்டின் மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்து வைத்தார்கள்.

பிறகு, வழக்கு வந்தால் அவரே பொறுப்பு என்ற நிபந்தனையோடு உறுதிமொழி கூற விட்டார்கள். சில மாதங்கள் சபையில் இருந்தார். கோர்ட்டு அது செல்லாது என்றது. சபையில் அவர் போட்ட ஒவ்வோர் ஓட்டுக்கும் 500 பவுன் அபராதம் கேட்டு வழக்கு வேறு! ஆசனம் பறிபோனது.

நார்த்தாம்டனில் மறு தேர்தல் நடந்தது. 1881 ஏப்ரலில் 132 ஓட்டு அதிகம் பெற்று பிராட்லாவே ஜெயித்தார். சபை ஏற்கவில்லை.

அந்த ஆகஸ்டு 3-ந் தேதி அவர் சபைக்குப் போனார். சேவகர்களும் போலீசாரும் பிடித்து இழுத்தார்கள். அவரைப் படிக்கட்டில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கோட்டு கிழிந்தது. வெளியே பெருங்கூட்டம் கொதித்து நின்றது. பிராட்லா ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்று ரத்தம் சிந்தியிருக்கும். அவர் சொல்லவில்லை. பெசண்ட் அம்மையார் கூட்டத்தை அமைதிப்படுத்தினார்.

1882-ல் விறுவிறு என்று சபைக்குள் நடந்தார். பையிலிருந்து பைபிளை எடுத்துத் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார்! மறுநாள் சபை அவரை நீக்கியது. மீண்டும் தேர்தல் வந்தது. 108 ஓட்டில் ஜெயித்தார்.

1883-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் அரசாங்கம், உறுதிமொழியை அனுமதிக்கும் மசோதாவைக் கொண்டு வந்தது. கிளாட்ஸ்டன் பெரிய பக்திமான். நாத்திகருக்காக வாதாடினார். மசோதா மூன்றே ஓட்டில் தோற்றது.

1884-ல் மறுபடியும் தேர்தல். இந்தத் தடவை 368 ஓட்டு அதிகம்!

ஓட்டுப் போட்ட எல்லோரும் நாத்திகர்கள் அல்ல. ஞாயிறு தோறும் கோவிலுக்குப் போகிறவர்களும் அதில் இருந்தார்கள். ஊர் தேர்ந்தெடுத்த ஆளைச் சபை எப்படித் தள்ளலாம் என்பதே அவர்கள் கேள்வி.

கதவு திறந்தது

1885 பொதுத்தேர்தலிலும் பிராட்லா ஜெயித்தார். 1886 ஜனவரி 13-ந் தேதி, சபாநாயகர் பீல் யாருடைய ஆட்சேபத்தையும் கேட்க மறுத்தார். பிராட்லா சத்தியம் செய்து உட்கார்ந்தார். ஆறு ஆண்டுச் சண்டை இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

1888-ல், விரும்பியவர்கள் உறுதிமொழி கூறலாம் என்ற சட்டத்தை அவரே நிறைவேற்றி வைத்தார்.

இந்தியாவுக்காகச் சபையில் ஓயாமல் கேள்வி கேட்டார். அதனால் அவருக்கு 'இந்தியாவின் எம்.பி.' என்றே பெயர் வந்தது. 1889-ல் பெரிய நோயில் விழுந்து பிழைத்து, பம்பாய் காங்கிரசுக்கு வந்தார். அந்த மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகளும் 1,889 பேர்தான்! ஊர் திரும்பி, இந்தியச் சட்டசபைகளைச் சீர்திருத்த மசோதா கொண்டு வந்தார்.

1891 ஜனவரி 27-ந் தேதி, அவரை விலக்கிய 1880-ம் ஆண்டுத் தீர்மானத்தை அழித்துவிடச் சபை முடிவு செய்தது. அப்போது பிராட்லா நினைவிழந்து படுக்கையில் கிடந்தார். செய்தி அவருக்கு எட்டவில்லை. 30-ந் தேதி காலமானார். கடனை அடைக்க அவருடைய புத்தகங்களை விற்க வேண்டியிருந்தது.

1894-ல் நார்த்தாம்டன் அவருக்குச் சிலை வைத்தது. 1974-ல் அந்தத் தொகுதி வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது.

அவரை லண்டனுக்கு வெளியே புரூக்வுட் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். லண்டனில் இருந்த இந்தியர்கள் திரளாகப் போனார்கள். அந்தக் கூட்டத்தில் சட்டம் படிக்க வந்த 21 வயது மாணவர் ஒருவரும் நின்றார். அவர் பெயர் மோகன்தாஸ் காந்தி.