எஞ்சின் நாக்கிங்கை அடக்கிய தாமஸ் மிட்ஜ்லி

நம்ம ஆட்டோமொபைல் பிரிவில் மூணு பேர் சேர்ந்தால் பேச்சு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் போய்த்தான் நிற்கும். போன மாதம் ஒரு நண்பன் தன் 100 சி.சி. வண்டிக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டுவிட்டு, அடையாறு பாலத்தில் வண்டி பறந்ததாகச் சொன்னான். அதை வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். அப்பா மந்தைவெளியில் ஒரு ஷெட்டில் 1994-ல், 14 வயசில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்க குடும்பத்தில் டிப்ளமா வரை வந்த முதல் ஆள் நான்தான். ஆனாலும் அப்பா ஏன் சிரித்தார் என்று எனக்கு விளங்கவில்லை. லைப்ரரியில் தேடப் போய்த்தான் மிட்ஜ்லியின் கதை கிடைத்தது.

மிட்ஜ்லி 1889-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். 1911-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். கெமிஸ்ட்ரி படித்தவர் இல்லை, நம்ம டிபார்ட்மென்ட் ஆள்! 1916-ல், காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் கண்டுபிடித்த கெட்டரிங்கிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுத்த வேலை, எஞ்சின் ஏன் 'டக் டக்' என்று அடிக்கிறது என்று பார்ப்பது.

ஸ்பார்க் பிளக் கொளுத்திய தீ சிலிண்டருக்குள் பரவிப் போகும். அது போய்ச் சேருவதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். கம்ப்ரஷன் ரேஷியோவை ஏற்றினால் சக்தி கூடும், ஆனால் நாக்கிங்கும் கூடும். அதனால் அந்தக் காலத்து கார்கள் 4-க்கு 1 என்ற அளவிலேயே நின்றுகொண்டிருந்தன.

அவர்கள் தேடிய விதம்தான் வேடிக்கை. பனிக்கு அடியிலேயே பூக்கும் ஒரு செடிக்குச் சிவந்த இலை. சிவப்பு நிறம் சூட்டை வாங்கிக்கொள்ளும், எனவே பெட்ரோலுக்கும் சிவப்புச் சாயம் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தார்கள். கையில் சாயம் இல்லை, அயோடின்தான் இருந்தது. ஊற்றியதும் நாக்கிங் நின்றது. பிறகு நிஜமான சாயங்களை வாங்கி ஊற்றினால் ஒன்றுமே நடக்கவில்லை! நிறம் காரணமில்லை, அயோடின்தான் காரணம். அதன்பின் ஒவ்வொரு பொருளாகப் போட்டுப் பார்த்தார்கள். டெல்லூரியம் நன்றாக வேலை செய்தது, ஆனால் உடம்பில் ஏறும் பூண்டு நாற்றம் எத்தனை தடவை குளித்தாலும் போகவில்லையாம். கடைசியில் 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் ஈயம் அகப்பட்டது. ஒரு காலனுக்கு ஒரு டீஸ்பூன் கூட வேண்டாம்.

1923 பிப்ரவரியில் டேட்டன் நகரத்தில் விற்பனை ஆரம்பம். பெயர் 'எத்தில்'. ஈயம் என்ற சொல்லையே போடவில்லை. அந்த வருஷம் இண்டியானாபோலிஸ் 500 மைல் ரேஸில் முதல் மூன்று இடங்களில் வந்த கார்களும் இந்தப் பெட்ரோலில் ஓடியவைதான். விளம்பரத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் அடங்கும் என்பது மிட்ஜ்லிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஆல்கஹாலை யாரும் காய்ச்சலாம், அதற்கு பேடன்ட் கிடையாது என்பதே அதை ஒதுக்கியதற்குக் காரணம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஈயம் விஷம் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. 1923 ஆரம்பத்தில் அவரே ஈய நஞ்சால் பாதிக்கப்பட்டு லீவு போட்டு ஓய்வெடுத்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேவே ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்தார்கள், 5 பேர் செத்தே போனார்கள். அந்த மாதக் கடைசியில் மிட்ஜ்லி பத்திரிகைக்காரர்கள் முன்னால் அந்தத் திரவத்தில் கையைக் கழுவி, ஒரு நிமிஷம் மோந்தும் காட்டினார். எனக்கு இந்த இடத்தில்தான் அவர்மேல் இருந்த மதிப்பு இறங்கியது.

அப்புறம் ஃபிரிட்ஜுக்கான ஃபிரியான் வாயுவை உருவாக்கினார், அது ஓசோன் படலத்தை அரித்தது தனிக்கதை. 1940-ல் போலியோ வந்து கால்கள் விழுந்தன. கட்டிலிலிருந்து எழ கயிறும் கப்பியும் வைத்துத் தானே ஒரு அமைப்பு செய்துகொண்டார். 1944 நவம்பர் 2-ல் அந்தக் கயிற்றிலேயே கழுத்து இறுகி இறந்து கிடந்தார். வயது 55.

நம்ம ஊருக்கு ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 1995 ஏப்ரலில், அதுவும் புது கார்களுக்காக. நாடு முழுக்க ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. இன்று நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், அதாவது மிட்ஜ்லி ஒதுக்கிய அதே ஆல்கஹால்.

ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் இல்லை, பொறுமை. நாக்கிங் இல்லாமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்ற கணக்கு. கம்ப்ரஷன் 12, 13 என்று ஏற்றிய ரேஸ் எஞ்சினுக்கு அது கட்டாயம் வேண்டும். நண்பனின் வண்டிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கை கழுவிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். ஷெட்டில் அவர் டியூபை வாயில் வைத்து உறிஞ்சித்தான் டேங்க்கிலிருந்து பெட்ரோல் இறக்குவாராம். பார்ட்ஸ் கழுவியதும், சாப்பாட்டுக்கு முன்னால் கிரீஸ் போகக் கை கழுவியதும் அதில்தான். ஈயம் இருப்பதாக யாரும் சொல்லவில்லையா என்று கேட்டேன். யார் சொல்லுவா என்று திருப்பிக் கேட்டார். கொஞ்ச நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உன் நண்பனை சாதா பெட்ரோலே போட்டுட்டு, மிச்சக் காசில் பிளக்கை மாத்தச் சொல்லு என்றார்.