ஸ்டியரிங்கை இலகுவாக்கியவர்

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாக சிமெண்ட் லாரி ஓட்டும் அப்பாவுக்கு ராத்திரியானால் தோள்வலி. அதனாலேயே டேவிஸ் கதை மனசில் பதிந்தது.

பிரான்சிஸ் டேவிஸ் 1887இல் அமெரிக்காவில் பிறந்தவர். பியர்ஸ் ஆரோ கம்பெனியில் லாரிப் பிரிவு இன்ஜினியர். பாரவண்டியைத் திருப்ப டிரைவர்கள் படும் பாட்டைப் பார்த்தவர், வேலையை விட்டுவிட்டு வால்தாமில் பட்டறை போட்டார். எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டு ஸ்டியரிங்கை இலகுவாக்கி 1926இல் ஓட்டிக் காட்டினார். செலவு அதிகமென்று ஜெனரல் மோட்டார்ஸ் 1934இல் கைவிட்டது. அவர் பெண்டிக்ஸ் கம்பெனியோடு சேர்ந்து தொடர்ந்தார். 1951இல்தான் கிறைஸ்லர் இம்பீரியல் காரில் பவர் ஸ்டியரிங் விற்பனைக்கு வந்தது. 1978இல் மறைந்தார்.

நண்பர்களே, ஆயில் மட்டம், ஹோஸ் கசிவு, பெல்ட் இந்த மூன்றையும் பார்க்காமல் விட்டால் பாரம் மறுபடி டிரைவர் தோளுக்கே வந்துவிடும். அந்தத் தோள் எங்கப்பாவுடையதாகவும் இருக்கலாம்.